தொப்புள் கொடி விழாத குழந்தையும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி எழுத்தரான நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றால் பராமரிப்புக் கணக்கில் ஏதோ கேட்கப் போகிறேன் என்று அர்த்தம். மோட்டார் காயில் கட்டிய பில் எங்கே, சம்ப் கழுவிய கூலிக்கு வவுச்சர் எங்கே என்று கேட்டுக் கேட்டே பெயர் வாங்கியவன் நான். இன்றைக்குக் கணக்கு இல்லை. பொருளாளர் நிம்மதியாக உட்காரலாம்.

மூன்று மாதமாக நம் பிளாக்கில் ஒரு பேச்சு இருக்கிறது. "சாருடைய பேரனுக்கு ரத்தப் புற்றுநோயாம்" என்று. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். குழந்தையின் ரிப்போர்ட்டில் 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' என்று போட்டிருந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். செல்போனில் தேடியதும் ரத்தப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. அந்தப் பரிசோதனை ரத்தப் புற்றுநோய்க்கும் செய்வதுதான். ஆனால் அதே மெஷினில் வேறு பல நோய்களையும் பார்க்கிறார்கள். என் பேரனுக்கு வந்திருப்பது புற்றுநோய் இல்லை. அது என்ன, எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லிவிடலாம் என்று செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டேன். மகளிடமும் மாப்பிள்ளையிடமும் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து 36 வருடம் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்தவன். உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் லேபில் இருந்த அம்மாவும் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதைத்தான் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

முதலில் குடும்பக் கதை. என் மனைவியின் கடைசித் தம்பிக்கே என் மகளைக் கொடுத்தேன். தாய்மாமன் முறை. மகள் கொஞ்சம் தயங்கினாள். "தெரியாத வீட்டில் கொடுத்துவிட்டுத் தவிப்பதைவிட, தெரிந்த வீட்டில் கண் முன்னால் இருப்பாய்" என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தவன் நான்தான். மாப்பிள்ளை தங்கமான மனிதர். அதில் இன்றுவரை குறை இல்லை.

மூத்தது பெண் குழந்தை. இப்போது ஆறு வயது, நம் படிக்கட்டில் ஏறி இறங்கி உங்கள் காலிங் பெல்லை அழுத்திவிட்டு ஓடுகிறாளே, அவள்தான். அடுத்து ஒரு பையன். அவன் பிறந்து ஒரு மாதம் ஆகியும் தொப்புள் கொடி காய்ந்து விழவில்லை. கொடியைச் சுற்றிச் சிவந்தது, காய்ச்சல் வந்தது. பக்கத்து கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் தணியும், மறுபடி வரும். 52-ஆம் நாள் இறந்துவிட்டான். 'ஜன்னி கண்டுவிட்டது' என்றார்கள். 'கண் பட்டது' என்றார்கள். நான் 'விதி' என்றேன். ஏன் இறந்தான் என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு ரூபாய் குறைந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கேஷ் டேலி செய்த ஆள் நான். பேரன் விஷயத்தில் கணக்கைப் பார்க்காமலே மூடிவிட்டேன்.

மூன்றாவதும் பையன். இவனுக்கும் இருபத்தைந்து நாளாகியும் கொடி விழவில்லை. வீட்டில் பெரியவர்கள் விளக்கெண்ணெய் வைக்கலாம், திருநீறு வைக்கலாம் என்றார்கள். நானும் "சில குழந்தைக்கு லேட்டாகத்தான் விழும்" என்றேன். என் மகள்தான் யார் பேச்சையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு குழந்தை மருத்துவரிடம் போனாள். அவர் இரண்டே கேள்வி கேட்டார். "இதற்கு முன் குழந்தை ஏதாவது தவறியதா? நீங்கள் இருவரும் உறவா?" இரண்டுக்கும் ஆமாம் என்றாள். உடனே ரத்தம் எடுத்தார். வெள்ளை அணு எண்ணிக்கை 62,000. அந்த வயதில் இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டியது. "இங்கே வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குச் செஞ்சியிலிருந்து கிளம்பினோம். வண்டி ஓட்டியது நம் மூன்றாம் மாடி நண்பர், ஓய்வு பெற்ற ஆசிரியர். பெயர் சொன்னால் கோபிப்பார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இப்போது நோயைச் சொல்கிறேன். உடம்பில் எங்கேயாவது காயம் பட்டாலோ கிருமி புகுந்தாலோ வெள்ளை அணுக்கள் அங்கே ஓடிப் போய்ச் சண்டை போடும் என்று படித்திருக்கிறோம். எப்படிப் போகும்? ரத்தக் குழாய் ஒரு நெடுஞ்சாலை. வெள்ளை அணுக்கள் அதில் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் வரும் போலீஸ்காரர்கள் என்று வையுங்கள். கலவரம் செஞ்சிக் கூட்டு ரோட்டில். பஸ் அங்கே நின்றால்தானே அவர்கள் இறங்க முடியும்? நிற்காவிட்டால் திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வரை பஸ் போகும், மறுபடி திரும்பி வரும். ஆள் நிறைய இருந்தும் பயனில்லை.

அந்த பிரேக் என்பது வெள்ளை அணுவின் மேல்புறத்தில் இருக்கும் ஒட்டும் புரதம். வயலில் நடந்தால் நாயுருவி விதை வேட்டியில் பிடித்துக்கொள்கிறது இல்லையா, அதுபோலக் காயம் பட்ட இடத்தில் வெள்ளை அணு ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதலில் லேசாக ஒட்டி உருண்டு வரும். பிறகு இறுகப் பிடித்து நிற்கும். நின்ற பிறகு சுவரின் இடுக்கு வழியாக வெளியே இறங்கிக் கிருமியிடம் போகும். இறுகப் பிடிக்கும் அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் முக்கியமானது ஒரு ஜோடி. ஜோடியில் ஒன்றுக்கு சிடி 18 என்று பெயர். அதனுடன் சேர்வது சிடி 11. கதவும் நிலையும் போல. நிலை இல்லாவிட்டால் கதவை மாட்ட முடியாது. சிடி 18 இல்லாவிட்டால் சிடி 11-உம் செல்லின் மேல்புறத்துக்கு வந்து சேராது.

பிறவியிலேயே சிடி 18 இல்லாமல் பிறப்பதுதான் என் பேரனின் நோய். 'லூக்கோசைட் அட்ஹிஷன் டெஃபிஷியன்சி' என்கிறார்கள், சுருக்கமாக எல்.ஏ.டி. வெள்ளை அணுக்கள் ஒட்ட முடியாத குறை. ரத்தத்தில் எண்ணிப் பார்த்தால் அணுக்கள் ஏராளம், ஏனென்றால் அவை இறங்க முடியாமல் சாலையிலேயே சுற்றுகின்றன. கிருமி புகுந்த இடத்திலோ ஒருவரும் இல்லை. சீழ் என்பது சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான். இந்தக் குழந்தைகளுக்குப் புண் வரும், சீழ் வராது. தொப்புள் கொடி காய்ந்து விழுவதற்கும் இந்த அணுக்களின் வேலை தேவைப்படுகிறது. அதனால்தான் கொடி விழாமல் நிற்கிறது. கொடி தாமதமாக விழுவது, கடுமையான தொற்று, வெள்ளை அணுக்கள் சரியாக நகராமை ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் சேர்ந்து வருவதை 1979-லேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

சரி, ஒரு செல்லின் மேல் ஒரு புரதம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? சாதாரண மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெள்ளை அணு தெரியும், அதன் மேல் இருக்கும் புரதம் தெரியாது. இங்கேதான் ஆன்டிபாடி வருகிறது. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்பார்கள். ஒரு ஆன்டிபாடி ஒரே ஒரு இலக்கைத்தான் பிடிக்கும். லாக்கர் சாவி மாதிரி. என் சாவி உங்கள் லாக்கரில் நுழையாது.

நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கும் வழியை 1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைன், ஜார்ஜ் கோலர் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். ஆன்டிபாடி சுரக்கும் எலியின் செல்லையும் சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். அந்தக் கலப்புச் செல் பெருகிக்கொண்டே ஒரே மாதிரியான ஆன்டிபாடியைத் தந்துகொண்டே இருந்தது. 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு ஊர் ஊராக ஆராய்ச்சிக் கூடங்கள் ஆன்டிபாடி செய்ய ஆரம்பித்து, ஒரே புரதத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். 1982-இல் பாரிஸில் கூடி, எல்லோருக்கும் பொதுவாக நம்பர் போட ஆரம்பித்தார்கள். அந்த நம்பர்தான் சிடி. வங்கிக் கிளைக்கு ஐ.எஃப்.எஸ்.சி. கோடு இருப்பது மாதிரி. எந்த ஊர் லேபில் போட்டாலும் சிடி 18 என்றால் அதே புரதம்தான்.

ஆன்டிபாடி போய் ஒட்டியதா என்று தெரிய வேண்டுமே! அதற்காக அதன் முதுகில் ஒரு சாயத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். லேசர் ஒளி பட்டால் ஒளிரும் சாயம். அதில் ஒரு வகை, கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. நீல லேசர் பட்டால் ஆரஞ்சாக ஒளிரும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணும் மெஷின் பார்த்திருப்பீர்கள். கட்டை வைத்தால் நோட்டுகள் ஒவ்வொன்றாகப் பறக்கும். உள்ளே புற ஊதா விளக்கு இருக்கும். நல்ல நோட்டில் நம்பர் அச்சிட்ட மையும் பாதுகாப்பு இழையும் அந்த ஒளியில் மின்னும். மின்னுவதில் வித்தியாசம் தெரிந்தால் மெஷின் நின்று கத்தும். ஃப்ளோ சைட்டோமீட்டரும் அதே வேலைதான் செய்கிறது. நோட்டுக்குப் பதில் செல். திரவத்தில் செல்களை ஒற்றை வரிசையாக ஓட விட்டு, லேசருக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கடக்க வைக்கிறார்கள். ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு பெரியது, உள்ளே எவ்வளவு சொரசொரப்பு என்பதை ஒளி சிதறும் விதத்தை வைத்து மெஷின் பார்த்துக்கொள்ளும். அதை வைத்தே இது நூட்ரோஃபில், இது வேறு வகை என்று பிரித்துவிடுகிறார்கள். பிறகு அந்த நூட்ரோஃபில் மேல் சாயம் எவ்வளவு ஒளிர்கிறது என்று அளக்கும். 1960-களின் கடைசியில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உருவான மெஷின் இது. இன்று நம் நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது.

என் பேரனிடம் எடுத்தது ஊதா மூடி போட்ட குழாயில் 2 மில்லி ரத்தம். அதை ஃபிரீசரில் வைக்கக் கூடாது, நாள் கடத்தவும் கூடாது, செல்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்றார்கள். அதில் ஆன்டிபாடியைக் கலந்து வெளிச்சம் படாமல் இருபது முப்பது நிமிடம் வைத்தார்கள். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடுமாம். பிறகு சிவப்பு அணுக்களைக் கரைத்து, கழுவி, மெஷினில் விட்டார்கள். அவ்வளவுதான் வேலை.

இங்கேதான் மூன்றாம் மாடி நண்பர் வருகிறார். லேபில் இருந்த அம்மா வெளியே வந்து, "ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். கூடவே ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்றார். நான் கையை நீட்டினேன். "நீங்கள் தாத்தா. உங்கள் ரத்தம் வேண்டாம். உறவில்லாதவர் யாராவது?" என்றார். உறவுக்காரர்கள் பார்க்க நன்றாக இருப்பார்கள், ஆனால் அவர்களிடமும் இந்தப் புரதம் பாதியாக இருக்கலாம், அதை அளவுகோலாக வைக்க முடியாது என்று விளக்கினார். நான் வங்கியில் மாதிரிக் கையொப்பத்தை வைத்துத்தான் செக்கில் போட்ட கையெழுத்தைப் பார்ப்பேன். மாதிரியே சந்தேகமாக இருந்தால் எதை வைத்துப் பார்ப்பது? நண்பர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். காப்பி கூடக் குடிக்காமல் வண்டி ஓட்டி வந்த மனிதர்.

மாலையில் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கோடு போட்ட படத்தில் ஒரு குன்று. எத்தனை செல் எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் படம் அது. ஒளி அதிகமானால் குன்று வலப்பக்கம் இருக்கும். நண்பரின் குன்று வலது ஓரத்தில் நம் ராஜகிரி மாதிரி நிமிர்ந்து நின்றது. பேரனின் குன்று இடது ஓரத்தில். ஆன்டிபாடியே போடாத குழாயின் குன்று எங்கே இருந்ததோ, கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதாவது ஆன்டிபாடி பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. நூட்ரோஃபில்களில் சிடி 18 ஒரு சதவீதத்துக்கும் கீழே. இரண்டு சதவீதத்துக்குக் கீழே என்றால் தீவிர வகை. மாற்று சிகிச்சை செய்யாவிட்டால் இந்த வகையில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு இவன் ஞாபகம் வரவில்லை. 52 நாளில் போன அவன் ஞாபகம்தான் வந்தது. காலையில் ரத்தம் கொடுத்து மாலையில் தெரிந்த விஷயம். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் டாக்டர் சொன்னார். இந்தப் பரிசோதனையில் புரதம் இருப்பதாக வந்துவிட்டாலே நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. சிலருக்குப் புரதம் இருக்கும், வேலை செய்யாது. கையெழுத்து சரி, கணக்கில் பணம் இல்லை என்கிற கதை. அறிகுறி பலமாக இருந்தால் ஜீன் பரிசோதனை வரை போய்ப் பார்க்க வேண்டும். எங்களுக்கும் ஜீன் பரிசோதனை செய்துதான் உறுதி செய்தார்கள்.

இது எங்கோ வெளிநாட்டு நோய் என்று நினைக்காதீர்கள். மும்பையில் கே.இ.எம். ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் மத்திய அரசின் தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், நாடு முழுவதும் 28 மருத்துவ மையங்களிலிருந்து விவரம் திரட்டி 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தம் 132 நோயாளிகள். அதில் 127 பேருக்கு என் பேரனுக்கு இருக்கும் அதே வகை. பெரும்பாலானவர்களுக்கு, நூற்றுக்கு 83 பேருக்கு, சிடி 18 இரண்டு சதவீதத்துக்கும் கீழே. பிறந்த மூன்று மாதத்துக்குள் தொப்புளில் தொற்று, கொடி விழாமை, தோலில் புண், காதில் சீழ்நோய் என்று வந்தவர்கள். மாற்று சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர்கள் அதில் சிலரே. அந்தக் கட்டுரையை நான் பலமுறை பார்த்தேன். நோய்க்கு மருந்தே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிடி 18 புரதத்துக்கான ஜீன் நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஒன்றில் பிழை இருந்தாலும் இன்னொன்று ஈடு கட்டும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது, ஆயுள் முழுக்க நன்றாக இருப்பார். கணவன் மனைவி இருவரிடமும் ஒவ்வொரு பிழைப் பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டுமே பிழைப் பிரதியாகப் போய்ச் சேர. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்பதெல்லாம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்று.

அந்நியர் இருவரிடம் ஒரே அபூர்வப் பிழை இருப்பது மிகக் கஷ்டம். தாய்மாமனும் மருமகளும் ஜீனில் கால் பங்கு பொதுவாக வைத்திருப்பவர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரே தாத்தாவின் பிழைப் பிரதி இரண்டு பக்கமும் இறங்கி வந்து ஒரு குழந்தையிடம் சேர்வது அங்கே சுலபமாகிவிடுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணம் உறவுக்குள் நடந்தது. நாட்டின் சராசரி 11. இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களிலும் சிலர் அப்படித்தான். பயமுறுத்தவில்லை. உறவில் கட்டியவர்களின் குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே பிறக்கிறார்கள். என் மூத்த பேத்தியே சாட்சி. ஆனால் ஆபத்து கூடுதல் என்பதும் உண்மை. ஏற்கெனவே காரணம் தெரியாமல் குழந்தை இறந்த குடும்பம் என்றால் இன்னும் கூடுதல்.

ஒரு விஷயம் சொல்கிறேன், வெட்கமாக இருக்கும். இதே நோய் மாட்டுக்கும் உண்டு. அமெரிக்காவில் ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்று பெயர் போன ஒரு ஹோல்ஸ்டீன் காளை இருந்தது. அதன் வம்சத்தின் சினை ஊசி உலகம் முழுக்கப் போனது. கூடவே இந்தப் பிழைப் பிரதியும் போனது. கன்றுகள் புண்ணும் கழிச்சலுமாகச் செத்தன. 1992-இல் அந்தப் பிழை எது என்று கண்டுபிடித்து, அதைச் சுமக்கும் காளைகளை விலக்க ஆரம்பித்தார்கள். இன்று நம் நாட்டிலும் சினை ஊசிக்கு எடுக்கும் ஹோல்ஸ்டீன் காளைகளுக்கு இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் விதிமுறை இருக்கிறது. மாட்டுக்கு விசாரிக்கிறோம். மகளுக்கு நான் ஜாதகம் மட்டும்தான் பார்த்தேன். பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தது.

இப்போது நிலவரம். பேரனுக்கு நாலரை மாதம். ஆன்டிபயாட்டிக் பாதுகாப்பில் இருக்கிறான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் தீர்வு. நல்ல மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளை அணுக்களில் ஒட்டும் புரதம் இருக்கும். நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று நடக்கிறது. இன்று சென்னையிலும் வேறு ஊர்களிலும் செய்கிறார்கள். பொருத்தம் பார்த்ததில் ஆறு வயதுப் பேத்தியின் மஜ்ஜை முழுக்கப் பொருந்திவிட்டது. அவளிடமும் ஒரு பிழைப் பிரதி இருக்கிறது, ஆனால் இன்னொன்று நல்லது, அதுவே போதும், கொடுக்கலாம் என்றார்கள். அடுத்த மாதம் தேதி குறித்திருக்கிறார்கள். "தம்பிக்கு ஊசி போட்டுக்கிட்டா எனக்கு சைக்கிள் வேணும்" என்று பேரம் பேசியிருக்கிறாள். வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. பார்க்கிங்கில் சிவப்பு சைக்கிள் இடைஞ்சலாக நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு வெற்றியா இல்லையா என்று பார்ப்பதும் இதே பரிசோதனையில்தான். குன்று இடப்பக்கத்திலிருந்து நகர்ந்ததா, எத்தனை பங்கு செல் நகர்ந்தது என்று பார்ப்பார்கள். நல்லபடி நகர வேண்டும். ஆபத்து இல்லாத சிகிச்சை இல்லை. அதையும் டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

உங்களிடம் கேட்க வந்தது நாலு விஷயம்.

ஒன்று. வீட்டில் குழந்தை பிறந்தால், கொடி விழுந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுந்துவிடும். மூன்று வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். தாமதமாக விழும் கொடிகளில் பெரும்பாலானவை ஒன்றும் இல்லாதவைதான். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், என்னைப் போன்ற தாத்தா சொல்ல வேண்டாம். கொடியில் எண்ணெய், சாம்பல் எதுவும் வைக்க வேண்டாம். உலர்வாக இருந்தால் போதும்.

இரண்டு. கைக்குழந்தைக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வருகிறது, புண் சீழ் பிடிக்காமலே பரவுகிறது, வெள்ளை அணு எண்ணிக்கை எப்போது பார்த்தாலும் எக்கச்சக்கமாக இருக்கிறது என்றால், "ஒட்டும் புரதக் குறையாக இருக்குமா, சிடி 18 பார்க்கலாமா" என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

மூன்று. உறவில் சம்பந்தம் பேசுகிறவர்கள், குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகள் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டு பக்கமும் வாய் திறந்து சொல்லுங்கள். அப்படி இருந்தால் மரபணு ஆலோசனை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் மனைவியின் பெரியம்மா வீட்டிலும் இரண்டு கைக்குழந்தைகள் போயிருக்கின்றன என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலாவது, வேண்டுகோள். சிகிச்சை நேரத்தில் ரத்தமும் தட்டணுக்களும் தேவைப்படும். ஆஸ்பத்திரியில் கொடையாளர் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயரும் ரத்த வகையும் கொடுங்கள். வண்டி ஏற்பாடு என் பொறுப்பு.

என் மகளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ப்பா, முதல்ல இவனைப் பாரு" என்று குழந்தையை என் மடியில் போட்டுவிட்டாள். அதனால் இங்கே உங்கள் முன்னால் சொல்கிறேன். கேள்வி கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் நான் விதி என்று சொல்லி வாயை அடைத்தேன். நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

இனி யாராவது லிஃப்டில் "பேரனுக்கு என்ன?" என்று கேட்டால், "வெள்ளை அணுக்களுக்கு ஒட்டும் புரதம் இல்லை, அக்கா மஜ்ஜை கொடுக்கப் போகிறாள்" என்று சொல்லுங்கள். அது போதும்.

பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு அதிகம் எடுத்துக்கொண்டேன்.